ஒரே இன்ஜின், இரண்டு குதிரைத்திறன்

மாஸ்டா அமெரிக்காவில் விற்ற 2.5 லிட்டர் டர்போ இன்ஜினின் திறன் என்ன என்று கேட்டால், கம்பெனியே இரண்டு பதில் சொன்னது. பங்க்கில் 87 என்று எழுதியிருக்கும் சாதாரணப் பெட்ரோலை ஊற்றினால் 227 குதிரைத்திறன். 93 என்று எழுதியிருக்கும், விலை கூடிய பெட்ரோலை ஊற்றினால் 250. காரில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருக வேண்டாம். டேங்க்கில் இருப்பது மாறினால் போதும்.

அந்த 23 குதிரைகள் பெட்ரோலுக்குள் இருந்து வரவில்லை. எண் கூடினால் எரிசக்தியும் கூடும் என்று பலர் நம்புகிறார்கள், அப்படி இல்லை. லிட்டருக்குக் கிடைக்கும் வெப்பம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எத்தனால் கலந்து எண்ணை உயர்த்தியிருந்தால் கொஞ்சம் குறையவும் செய்யும். ஸ்பார்க் பிளக் பொறி தட்டும்வரை, தட்டிய பிறகு சுடர் வந்து சேரும்வரை, தானாகப் பற்றிக்கொள்ளாமல் அழுத்தத்தையும் சூட்டையும் பெட்ரோல் எவ்வளவு தாங்குகிறது என்பதுதான் ஆக்டேன் எண் சொல்லும் சேதி.

தாங்காவிட்டால் என்ன ஆகும்? பொறி விழுந்ததும் சுடர் சிலிண்டருக்குள் விநாடிக்குச் சில பத்து மீட்டர் வேகத்தில் பரவுகிறது. அது ஓரத்தைத் தொடுவதற்குள், அங்கே எரியாமல் மிச்சமிருக்கும் கலவை நசுங்கிச் சூடேறுகிறது. பொறுமை இழந்தால் அது மொத்தமாகத் தானே பற்றிக்கொள்ளும். அப்போது கிளம்பும் அழுத்த அலைகள் சுவருக்குச் சுவர் மோதி, கார் இன்ஜினில் சுமார் 6,000, 7,000 ஹெர்ட்ஸில் அதிரும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்று சொல்வது இந்தச் சத்தத்தைத்தான். எப்போதோ ஒன்றிரண்டு தட்டல் என்றால் ஒன்றும் ஆகாது. முழு வேகத்தில் தொடர்ந்து தட்டினால் பிஸ்டனின் விளிம்பு அரிக்கும், ரிங் உட்காரும் இடம் உடையும்.

இதற்கு ஓர் அளவுகோல் வேண்டும் என்று 1926-ல் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். எளிதில் தட்டாத ஐசோ ஆக்டேனுக்கு 100, உடனே தட்டிவிடும் ஹெப்டேனுக்கு 0. அந்த ஹெப்டேன் கிடைத்த இடம் கலிஃபோர்னியாவின் ஜெஃப்ரி பைன் மரப் பிசின். கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்ததைவிட மரம் கொடுத்தது சுத்தமாக இருந்தது! இந்த இரண்டையும் கலந்து, சோதிக்கும் பெட்ரோல் எந்தக் கலவையைப் போல் நடந்துகொள்கிறது என்று பார்த்தால் எண் கிடைத்துவிடும். இன்றும் உலகெங்கும் இதற்கென்றே செய்த ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினில்தான் சோதிக்கிறார்கள். நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓட்டினால் வருவது ஆர்.ஓ.என்., 900 சுற்றில் கலவையைச் சூடாக்கிக் கடுமையாகச் சோதித்தால் வருவது எம்.ஓ.என். பின்னது பெரும்பாலும் 8 முதல் 10 வரை குறைவாக இருக்கும்.

இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தியாவும் ஐரோப்பாவும் பங்க்கில் எழுதுவது ஆர்.ஓ.என். அமெரிக்கா எழுதுவது இரண்டின் சராசரி. அதனால் அமெரிக்காவின் 91 நம் கணக்கில் 95, 96-க்குச் சமம். அமெரிக்கச் சந்தைக்கு எழுதிய காணொளியைப் பார்த்துவிட்டு '91 போதுமாம்' என்று இங்கே 91 தேடுபவர், நான்கைந்து எண் கீழே இறங்கிவிடுகிறார். சாதாரணக் கார் இதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். டர்போ வைத்த வேகக் கார் அதற்கு விலை கேட்கும்.

காரணம் சூடு. வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் டர்போ, காற்றை நசுக்கி உள்ளே தள்ளுகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், பம்ப்பின் அடிப்பக்கம் கையைச் சுடும். 30 டிகிரிக் காற்றின் அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால், வழக்கமான டர்போவில் அது 120 டிகிரியைத் தாண்டும். இன்டர்கூலர் அதில் பெரும்பகுதியை இறக்கிவிடும், முழுவதையும் அல்ல. அந்தக் காற்றைத்தான் பிஸ்டன் மேலும் பத்து மடங்கு நசுக்கப்போகிறது. சென்னையின் மே மாத வெயிலில் இன்டர்கூலருக்கே குளிர்ந்த காற்று எங்கே கிடைக்கும்?

நல்ல பெட்ரோல் இருந்தால் இந்த அழுத்தத்தை எவ்வளவு ஏற்றலாம் என்பதை உலகம் தெரிந்துகொண்டது கார்களில் அல்ல, போர் விமானங்களில். 1940-ல் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்கள் 100 ஆக்டேனுக்கு மாறின. அவற்றின் மெர்லின் இன்ஜினில் இருந்தது டர்போ அல்ல, இன்ஜினே பல்சக்கரம் வழியாகச் சுழற்றும் சூப்பர்சார்ஜர். ஆனால் பிரச்சினை அதேதான். புதிய பெட்ரோல் வந்ததும் கூடுதல் அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 6¼ பவுண்டிலிருந்து 12 பவுண்டுக்கு உயர்த்த முடிந்தது. 1,030 குதிரைத்திறன் கொடுத்த இன்ஜின், தாழ்வான உயரத்தில் 1,310 கொடுத்தது.

அன்று அந்த அழுத்தத்தைத் தேவைப்படும்போது விமானி கையால் ஏற்றினார். இன்றைய காரில் அந்த வேலையை இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு. செய்கிறது. இன்ஜினில் திருகியிருக்கும் நாக் சென்சார் தட்டலைக் கேட்டதும், பொறி விழும் நேரத்தைச் சில டிகிரி தாமதமாக்குகிறது. தேவைப்பட்டால் டர்போ அழுத்தத்தையும் குறைக்கிறது. இன்ஜின் தப்பிவிடும், பிக்கப் போய்விடும். தாமதமாக எரிந்த கலவை சூட்டைப் பிஸ்டனுக்குக் கொடுக்காமல் புகையோடு அனுப்பும். டர்போவின் சக்கரம் வெந்துவிடாதிருக்க, பல இன்ஜின்களில் ஈ.சி.யு. கூடுதலாகப் பெட்ரோலைத் தெளித்துக் குளிர்விக்கும். ஆக, மலிவான பெட்ரோல் போட்டு மிதித்து ஓட்டுபவர் மைலேஜிலும் கொஞ்சம் இழக்கிறார். மாஸ்டாவின் 23 குதிரைகள் காணாமல் போனது இந்தப் பேரத்தில்தான்.

பேரம் மறுபக்கமும் நடக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 95-க்கு எழுதிய மென்பொருள் பொறியை எவ்வளவு முன்னால் கொண்டுபோகலாம் என்பதற்கு உச்சவரம்பு வைத்திருக்கும். அந்த வரம்பைத் தொட்ட இன்ஜினுக்கு 100 ஊற்றினாலும் 110 ஊற்றினாலும் ஒன்றுதான். வரம்பே உயரமாக இருந்தால் கதை வேறு. ஸ்வீடனின் கோனிக்செக் ஜெஸ்கோ சாதாரணப் பெட்ரோலில் 1,280 குதிரைத்திறன், 85 சதவீத எத்தனால் கலந்த எரிபொருளில் 1,600. எத்தனால் தட்டலைத் தாங்குவதோடு, ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் சூட்டை உறிஞ்சி, உள்ளே வரும் காற்றைக் குளிரவைக்கிறது. லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பதால் அதிகம் ஊற்ற வேண்டும், அவ்வளவே.

நம் ஊர் 20 சதவீத எத்தனால் பெட்ரோலைத் திட்டுபவர்கள் இந்த ஒரு வரவையாவது கணக்கில் வைக்கலாம். சாதாரணப் பெட்ரோலின் 91, இந்தக் கலப்பால் 95 ஆகியிருக்கிறது என்று மத்தியப் பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் சொன்னது. அப்படியானால் 95 என்று தனிப்பெயரில் விற்பதற்குக் கூடுதல் காசு எதற்கு? அழுக்கு நீக்கும் மருந்து கலந்திருக்கிறது என்பார்கள். இன்ஜெக்டர் முனைக்கு அது நல்லது. ஆனால் சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் தெளிக்கும் டர்போ இன்ஜினில், இன்டேக் வால்வை அந்த மருந்து தொடுவதே இல்லை. அங்கே படியும் கரியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

100 ஆக்டேன் வேறு ரகம். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் எக்ஸ்.பி. 100 அறிமுகப்படுத்தியபோது டெல்லியில் விலை லிட்டருக்கு 160 ரூபாய், சாதாரணப் பெட்ரோலின் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சென்னை ஓ.எம்.ஆர். சாலை நெரிசலில் ஊர்ந்துபோகும் காருக்கு அது வீண் செலவு என்பது என் கட்சி. அங்கே டர்போ தூங்கிக்கொண்டிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் சுற்றுக்குச் சுற்று முழு அழுத்தத்தில் ஓடும் காருக்குச் செலவு செய்யலாம். ஈ.சி.யு.வை மாற்றி எழுதித் திறன் ஏற்றியவர்களுக்கு வேறு வழியே இல்லை. அந்த மென்பொருளை எந்த எண்ணுக்கு எழுதினார்களோ, அதற்குக் கீழே ஊற்றுவது பாதுகாப்பு விளிம்பைத் தின்பது.

நெடும்பயணத்தில் தேவையான எண் கிடைக்காவிட்டால்? கிடைப்பதை ஊற்றுங்கள், ஆனால் குறைந்த சுற்றில், உயர்ந்த கியரில், ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்காதீர்கள். அந்த நிலையில் பொறிக்கு முன்பே பற்றிக்கொள்ளும் இன்னொரு கோளாறு டர்போ இன்ஜின்களுக்கு உண்டு. தட்டலைவிட மோசமானது, ஆக்டேன் மட்டும் அதைத் தடுக்காது. இன்ஜின் ஆயிலில் உள்ள கால்சியம்கூட அதில் பங்கு வகிக்கிறது. அடுத்த ஊரில் உயர்ந்த எண் கிடைத்தால் மேலே ஊற்றிக்கொள்ளலாம். அரை டேங்க் 91-உம் அரை டேங்க் 100-உம் சேர்ந்தால் சுமார் 95.5.

பெட்ரோல் மூடியின் உள்பக்க ஸ்டிக்கர் சொல்வது குறைந்தபட்சம். அதற்கு மேலே போவதால் உங்கள் காருக்குப் பயன் உண்டா என்று பார்க்க, கோளாறு அறிய காரில் வைத்திருக்கும் ஓ.பி.டி. துளையில் செருகும் சின்னக் கருவியும் ஒரு செல்போனும் போதும். ஒரே சாலையில், ஏறக்குறைய ஒரே வெயிலில், மூன்றாம் கியரில் முழுதாக மிதித்து, பொறி நேரம் எத்தனை டிகிரி என்று பதிந்துகொள்ளுங்கள். டேங்க்கைக் காலியாக்கி, வேறு பெட்ரோல் நிரப்பி, ஈ.சி.யு. பழகுவதற்கு நூறு கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். இரண்டு முறையும் அதே டிகிரி என்றால், பழைய பெட்ரோலே போதும்.