பெருந்தமனி அறுவையும் தண்டுவடமும்

ஈப்போவிலும் சுங்கை சிப்புட் போன்ற பழைய தோட்டப்புறங்களிலும் பலருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டு. அதைக் கட்டுப்படுத்தாவிட்டால், இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனி வீங்கலாம் அல்லது கிழியலாம்.

அறுவையின்போது தமனியைக் கவ்வியால் அடைப்பதால், தண்டுவடத்துக்கு இரத்தம் குறைந்து இரு கால்களும் செயலிழக்கலாம். இதைத் தடுக்க நலோக்சோன், பாப்பாவெரின், ஸ்டீராய்டு மருந்துகள் முயன்று பார்க்கப்பட்டன. எந்த மருந்தும் தனித்து நின்று காப்பதாக உறுதியாகவில்லை. முதுகில் மெல்லிய குழாய் செருகித் தண்டுவட நீரை வடிப்பதே அதிகம் கைகொடுத்தது. 2002-இல் அமெரிக்காவில் வெளியான 145 பேர் ஆய்வில், பாதிப்பு 13 விழுக்காட்டிலிருந்து 2.6 விழுக்காடாகக் குறைந்தது.

சிலருக்கு அறுவை முடிந்து சில நாள் கழித்தும் கால் மரத்துப் போகும். உடனே தாதியரிடம் சொன்னால், இரத்த அழுத்தத்தை உயர்த்தியும் நீரை வடித்தும் கால்களை மீட்க வாய்ப்புண்டு. குடும்பத்தார் இதை நினைவில் வைக்கட்டும்.