குச்சிப்பூச்சி வளர்க்கும் சிறுமி

வீட்டில் நாய் வளர்ப்பார்கள், கோழி வளர்ப்பார்கள். பூச்சி வளர்ப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். வளர்க்கிறார்கள், சகோதரிகளே. றொசல்லப் பகுதித் தோட்டமொன்றில் ஆண்டு 7இல் படிக்கும் சிறுமி ஒருத்தி, லயத்து இஸ்தோப்பில் குச்சிப்பூச்சி வளர்க்கிறாள். மாலை வகுப்புக்காக அங்கு போய்வரும் நான் தொடக்கத்திலிருந்தே பார்த்து வருகிறேன்.

வீட்டுக் கொய்யா மரத்தில் கிடைத்த பூச்சி அது. தொட்டால் காலை நீட்டி விறைத்துக் குச்சிபோலவே கிடக்கும். கடிக்காது, கொட்டாது. ஆனாலும் "விஷப்பூச்சி" என்று விளக்குமாற்றோடு வந்தவர்கள் உண்டு. "நமக்கே சோத்துக்கு இழுபறி, இதில பூச்சிக்கு வேற தீனியா?" என்றார் தாய். தீனி வெறும் இலைதான் என்று தெரிந்ததும் அடங்கிவிட்டார்.

உலகெங்கும் பள்ளிக்கூடங்களில் பெரிதும் வளர்க்கப்படும் குச்சிப்பூச்சி இனமொன்று தமிழ்நாட்டிலிருந்து போனது. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரிலும் திருச்சியிலும் பிடிக்கப்பட்டவற்றை வைத்து, சினெட்டி என்பவர் 1901இல் அதனை விஞ்ஞான உலகுக்கு அறிமுகப்படுத்தினார். எமது பாட்டன் பூட்டன்மார் புறப்பட்டு வந்ததும் அந்தத் திருச்சி, மதுரைப் பக்கங்களிலிருந்துதான். அவர்கள் இங்கே மலைக்கு வந்தார்கள். பூச்சி ஐரோப்பாவின் ஆய்வுகூடங்களுக்குப் போனது. அந்த இனத்தில் ஆண் மிக அபூர்வம். பெண் தனியாகவே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். பொரித்து வருபவையும் பெண்களே. கொழுந்து மடுவத்தில் இதைச் சொன்னபோது எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

வளர்ப்பது கஷ்டமில்லை. சிறுமியின் கூடு, பழைய மரப்பெட்டியும் கிழிந்த நுளம்பு வலையும்தான். கூட்டின் உயரம் பூச்சியின் நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். ஏனென்றால் பூச்சி தலைகீழாகத் தொங்கித்தான் தோல் கழற்றும். இடம் போதாவிட்டால் கால் கோணிவிடும், சிலவேளை செத்தும் போகும். குஞ்சுப் பருவத்தில் ஒரு கால் முறிந்தால் அடுத்தடுத்த தோல் கழற்றலில் திரும்ப முளைக்கும். கொய்யாக் கிளையைத் தண்ணீர்ப் போத்தலில் செருகி, குஞ்சுகள் விழுந்து மூழ்காதபடி வாயைப் பஞ்சால் அடைக்க வேண்டும். மாலையில் இலைமேல் தண்ணீர் தெளித்தால் துளிகளைக் குடித்துக்கொள்ளும். முட்டை சிறு விதைபோல் இருக்கும். பொரிக்க மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் குப்பையோடு கூட்டித் தள்ளிவிடாதீர்கள்.

காட்டில் போய்ப் பூச்சி பிடிக்கக் கூடாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். யால சரணாலயத்தில் பூச்சி பிடித்த இரு இத்தாலியருக்கு 2024இல் எமது நாட்டு நீதிமன்றம் ஆறு கோடி ரூபா தண்டம் விதித்தது. வெளிநாட்டுப் பூச்சியைக் கொண்டுவந்து வளர்த்துப் பின் வெளியே விடுவதும் ஆபத்து. செண்பகனூர்ப் பூச்சி தென்னாபிரிக்காவிலும் கலிபோர்னியாவிலும் இப்படித்தான் தோட்டங்களில் பரவியது.

சென்ற வருடம் ஒருநாள் சிறுமியின் தம்பி, தேயிலை மலையின் ஓரத்துக் கொய்யாவிலிருந்து இலை ஒடித்து வந்தான். முதல்நாள்தான் அந்த மலைக்கு மருந்தடித்திருந்தார்கள். விடியும்போது பதினொன்றில் ஒன்பது செத்துக் கிடந்தன. பிள்ளை அழுதாள். சுற்றி நின்ற பெண்களில் ஒருவர் மெதுவாகக் கேட்டார்:

"மிஸ், அந்தக் கொய்யாப் பழத்தைத்தானே நம்ம புள்ளைகளும் பறிச்சித் திங்குதுங்க?"

ஒருவரும் பேசவில்லை. அந்த மலையில் கொழுந்தெடுத்த கையோடு, தேத்தண்ணி நேரத்தில் ரொட்டி பிய்த்துத் தின்பவர்கள் அவர்கள். கை கழுவ மலையில் தண்ணீர் கிடையாது.

அந்த வாரமே பெண்கள் ஆறு பேர் தோட்ட நிர்வாகத்திடம் போனார்கள். மருந்தடிக்கும் மலையும் திகதியும் முதல்நாளே பிரட்டுக்களத்தில் அறிவிக்கப்பட வேண்டும், மலைக்குக் கை கழுவத் தண்ணீர் வர வேண்டும் என்று கேட்டார்கள். அறிவிப்பு இப்போது ஒழுங்காக வருகிறது. தண்ணீருக்கு இன்னும் அலைகிறார்கள்.

மிஞ்சிய இரண்டு பூச்சிகளும் முட்டையிட்டன. கூட்டில் இப்போது பதினான்கு குஞ்சுகள். மருந்தடிக்கும் திகதிகளைச் சிறுமி தன் கொப்பியில் எழுதி வைக்கிறாள்; கொய்யா பறிக்குமுன் அக்கம்பக்கத்துத் தாய்மார் அவளிடம்தான் வந்து கேட்கிறார்கள்.