அலிபிரி மாணவரின் முதல் கணினி: தில்லியின் கொள்கையும் ரிச்சி தெரு ரசீதும்

புது தில்லி: அலிபிரி என்றதும் அரசியல் வட்டாரங்களில் நினைவுக்கு வருவது 2003 அக்டோபர் 1-ஆம் தேதி. திருமலைக்குச் சென்றுகொண்டிருந்த அன்றைய ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் வாகன அணிவகுப்பைக் குறிவைத்து நக்ஸல்கள் கண்ணிவெடிகளை வெடிக்கச் செய்த இடம் அது. காயங்களுடன் உயிர் தப்பிய அவர், 2004 தேர்தலில் தோற்றார். கணினியை முன்னிறுத்தி அரசியல் நடத்தியவர் என்று பெயர் பெற்ற அவர், 2024 ஜூனில் மீண்டும் முதல்வரானார்.

பக்தர்களுக்கு அலிபிரி, மலையேற்றம் தொடங்கும் அடிவாரம். மாணவர்களுக்கு அது கல்லூரிகளும் விடுதிகளும் வாடகை அறைகளும் நிறைந்த திருப்பதி நகரின் ஓர் ஓரம். ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954-லும், திருப்பதி ஐஐடி 2015-லும் தொடங்கப்பட்டன. திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் பாரம்பரியச் சிற்பக் கலை, கோயில் கட்டடக் கலை நிறுவனமும் அலிபிரி சாலையில்தான் உள்ளது. தாள அளவுகளைக் கையால் வரையப் பழகும் மாணவருக்கும், அடுக்குமாடிக் கட்டடத்தை முப்பரிமாணத்தில் எழுப்பிப் பார்க்கும் மாணவருக்கும் இன்று ஒரு கட்டத்தில் கணினி தேவைப்படுகிறது. அதுவும் சாதாரணக் கணினி அல்ல. வடிவமைப்புப் பணியைத் தாங்கும் கணினி.

இத்தகைய கணினியை ஆயத்தப் பெட்டியாக வாங்கினால் விலை அதிகம். எனவே பாகங்களைத் தனித்தனியே தேர்ந்தெடுத்து, பொருத்தித் தரச் சொல்வது வழக்கமாகிவிட்டது. தில்லியில் இதற்கு நேரு பிளேஸ். தென்னிந்தியாவின் இப்பகுதிக்குச் சென்னையின் ரிச்சி தெரு. திருப்பதியிலிருந்து காலை ரயிலில் சென்று இரவு திரும்பிவிடலாம்.

இந்த ஒரு நாள் பயணத்தில் எழுதப்படும் பாகங்களின் பட்டியலில், மத்திய அரசின் வரிக் கொள்கை, இறக்குமதிக் கொள்கை, கல்விக் கடன் விதி ஆகிய மூன்றும் மறைந்து நிற்கின்றன. மூன்றும் கணினி என்பதை ஒரே முறை வாங்கும் மூடிய பெட்டியாகவே பார்க்கின்றன. மாணவர் வாங்குவதோ ஆண்டுக்கு ஆண்டு வளர வேண்டிய ஒரு பொருள்.

எங்கே செலவிட வேண்டும்?

கடைக்காரர் முதலில் கேட்கும் கேள்வி "எவ்வளவு பட்ஜெட்?" என்பது. கேட்க வேண்டியது "எந்த மென்பொருள்?" என்பதே. ஆட்டோகேட், ரெவிட் போன்ற வரைபட மென்பொருள்களில் மாதிரியை உருவாக்கும் வேலையின் பெரும்பகுதி, செயலியின் ஒரே கருவில் நடக்கிறது. எனவே, அங்கு கருக்களின் எண்ணிக்கையைவிட ஒரு கருவின் வேகமே முக்கியம். வரைந்து முடித்த கட்டடத்தை நிழலும் ஒளியுமாகப் படமாக்கும்போதுதான் எல்லாக் கருக்களும், அல்லது கிராபிக்ஸ் அட்டையும், முழு வீச்சில் உழைக்கின்றன. பிளெண்டர் போன்ற இலவச மென்பொருள் பல நிறுவனங்களின் அட்டைகளிலும் இயங்கும். ஆனால் படமாக்கும் மென்பொருள்கள் பல, என்விடியா நிறுவனத்தின் கூடா தொழில்நுட்பத்தையே பெரிதும் சார்ந்துள்ளன. விலை குறைவு என்று வேறு நிறுவன அட்டையை வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

கட்டடக் கலைப் பட்டப் படிப்பு ஐந்து ஆண்டுகள். முதலாண்டில் பெரும்பாலும் கைவரைபடமும் இருபரிமாண வரைபடமும்தான். இதற்குச் செயலியிலேயே உள்ள கிராபிக்ஸ் வசதி போதும். தனி அட்டையை மூன்றாம் ஆண்டில் வாங்கினால், அதே பணத்துக்கு அப்போது கூடுதல் திறனுள்ள அட்டை கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் இப்படித் தள்ளிப்போட வேண்டுமானால் இரு பாகங்களில் முதல் நாளே கஞ்சத்தனம் கூடாது. ஒன்று மதர்போர்டு, மற்றொன்று எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கி. பின்னாளில் வரும் அட்டைக்கான மின்சாரத்தை வழங்கும் திறன் அதற்கு இப்போதே இருக்க வேண்டும். கேபினட்டோடு இலவசமாக வரும் பெயர் தெரியாத மின்வழங்கியை நம்பி மற்ற எல்லாப் பாகங்களையும் அடகு வைப்பவர்கள் இன்னமும் உள்ளனர்.

செயலியைப் பொருத்தவரை ஏஎம்டியா, இன்டெலா என்ற பட்டிமன்றத்துக்கு முடிவே கிடையாது. இரண்டு செய்திகள் மட்டும் போதும். 2022-ல் ஏஎம்டி அறிமுகம் செய்த ஏஎம்5 பொருத்துதளத்துக்கு 2027 வரையிலும் அதற்குப் பின்னரும் ஆதரவு தரப்போவதாக அந்நிறுவனம் அறிவித்துள்ளது. படிப்பின் நடுவில் செயலியை மட்டும் மாற்ற நினைப்பவருக்கு இது சாதகம். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் சிலவற்றில் நிலையற்ற இயக்கம் ஏற்படுவதாக எழுந்த புகார்களை அடுத்து, 2024-ல் அந்நிறுவனம் திருத்தத்தை வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அச்செயலியைப் பழைய சரக்காகவோ, பயன்படுத்தியதாகவோ வாங்குவோர் மதர்போர்டின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டுள்ளதா என்று பார்த்தாக வேண்டும்.

நினைவகம் தந்த அதிர்ச்சி

2025 இறுதியில் இந்தக் கணக்குகள் அனைத்தையும் கலைத்துப் போட்டது ரேம். உலகின் நினைவகச் சில்லுகளில் பெரும்பகுதியைத் தயாரிப்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கான நினைவகத்தில் லாபம் அதிகம் என்பதால் உற்பத்தி அப்பக்கம் திரும்பியது. சில்லறை விற்பனையில் டிடிஆர்5 ரேம் விலை சில மாதங்களில் இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. டிசம்பர் மாதம் மைக்ரான், மாணவர்கள் அதிகம் வாங்கிவந்த தனது குரூஷியல் சில்லறை வணிகத்தையே கைவிடுவதாக அறிவித்தது.

முப்பரிமாணப் பணிக்கு 32 ஜிபி ரேம் வசதியான அளவு. விலை கட்டுப்படியாகாதவர்கள் 8 ஜிபி அட்டைகள் இரண்டை வாங்குவதைவிட, 16 ஜிபி அட்டை ஒன்றை வாங்கி, மற்றொரு இடத்தைக் காலியாக விடலாம். ஒற்றை அட்டையில் வேகம் சற்றுக் குறையும். தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாதபோது அந்தக் குறை கூடுதலாகவே தெரியும். ஆயினும், பின்னர் இன்னொன்றைச் சேர்க்கும்போது பழையதைத் தூக்கி எறிய நேராது.

இதே மைக்ரான் நிறுவனம்தான் குஜராத் மாநிலம் சாணந்தில் 275 கோடி டாலர் மதிப்பிலான ஆலைத் திட்டத்தை 2023-ல் அறிவித்தது. திட்டச் செலவில் 50 சதவீதத்தை மத்திய அரசும், 20 சதவீதத்தை குஜராத் அரசும் ஏற்பதாக ஒப்பந்தம். ஆனால் அது சில்லுகளைச் சோதித்துப் பொதியும் ஆலையே தவிர, அவற்றை வடிக்கும் ஆலை அல்ல. உலகச் சந்தையில் விலை ஏறினால் சாணந்தின் பெயரைச் சொல்லி ரிச்சி தெருவில் தள்ளுபடி கேட்க முடியாது.

திருப்பதியின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அலிபிரியிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள ரேணிகுண்டா, ஏர்பேடு பகுதிகளில் மின்னணு உற்பத்தித் தொகுப்புகள் எழுந்துள்ளன. டிக்ஸன் நிறுவனம் இங்கு தொலைக்காட்சிப் பெட்டிகளைத் தயாரிக்கிறது. டிசிஎல் குழுமத்தின் காட்சித்திரை ஆலையும் இங்கு அமைந்துள்ளது. தமிழக எல்லையை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் பாக்ஸ்கான் 2015-ல் கைப்பேசித் தயாரிப்பைத் தொடங்கியது. இவற்றின் வாசலைக் கடந்து சென்னைக்கு ரயிலேறும் மாணவரின் பட்டியலில் உள்ள செயலி, நினைவகம், கிராபிக்ஸ் அட்டை ஆகியவற்றின் சில்லுகளோ கடல் கடந்தே வருகின்றன.

வரி யாருக்கு?

உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா 1997-ல் சேர்ந்தது. அதன்படி செயலி, நினைவகம் போன்ற கணினிப் பாகங்களுக்கு அடிப்படைச் சுங்க வரி கிடையாது. ஆனால் ஜிஎஸ்டி 18 சதவீதம் உண்டு. வரிக்கு முன் 80,000 ரூபாய் ஆகும் பட்டியலுக்கு 14,400 ரூபாய் வரி. பதிவு பெற்ற கட்டடக் கலை அலுவலகம் இதே கணினியை வாங்கினால், தான் செலுத்த வேண்டிய வரியில் இதை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ளலாம். மாணவருக்கு அந்த வழி இல்லை. அதாவது, சம்பாதிப்பவருக்குத் திரும்பும் வரி, சம்பாதிக்கக் கற்றுக்கொள்பவருக்குத் திரும்பாது.

2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி குறைப்பில் கணினித் திரைகளும் இடம்பெற்றன. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது 32 அங்குலத்துக்கு மேற்பட்ட திரைகளுக்கு மட்டுமே. மாணவர்கள் வாங்கும் 24, 27 அங்குலத் திரைகளுக்கு 2019 முதலே 18 சதவீதம்தான். ஆக, இந்தச் சலுகை வரவேற்பறைத் தொலைக்காட்சியோடு நின்றுவிட்டது.

இறக்குமதி விஷயத்தில் நடந்தது வேறு. மடிக்கணினி, டேப்லட், ஒருங்கிணைந்த கணினி, மிகச் சிறிய வடிவக் கணினி, சர்வர் ஆகியவற்றின் இறக்குமதிக்கு உரிமம் கட்டாயம் என்று 2023 ஆகஸ்ட் 3-ஆம் தேதி மத்திய அரசு திடீரென அறிவித்தது. எதிர்ப்பு எழவே மறுநாளே அது ஒத்திவைக்கப்பட்டது. பின்னர் இணையவழி அனுமதி முறையாக அது மென்மையாக்கப்பட்டது. மடிக்கணினி வாங்க இருந்தவர்கள் அந்த வாரத்தில் கடைகளுக்கு ஓடினர். தனித்தனிப் பாகங்கள் அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. அரசின் பார்வையில் கணினி என்பது மூடிய பெட்டி என்பதற்கு இது ஒரு சான்று. இம்முறை அந்தப் பார்வை மாணவருக்கு நன்மையாக முடிந்தது.

கடன் விதியில் அதுவே தடையாகிறது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம், படிப்பை முடிக்கத் தேவை என்றால் நியாயமான விலையில் கணினி வாங்கும் செலவையும் சேர்க்க இடமளிக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டமும், பிணையோ உத்தரவாதமோ இன்றிக் கல்விக் கட்டணத்துக்கும் படிப்பு சார்ந்த பிற செலவுகளுக்கும் கடன் வழங்க வகை செய்கிறது. ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பங்களுக்கு, 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனில் 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. வங்கிக்குத் தேவை ஒரு விலைப்பட்டியல். நான்கு கடைகளில் வாங்கிய நான்கு ரசீதுகளைக் காட்டிலும், எல்லாப் பாகங்களும் வரிசை எண்களுடன் இடம்பெற்ற ஒரே கடையின் ஜிஎஸ்டி விலைப்பட்டியலை வங்கி எளிதில் ஏற்கும். சில நூறு ரூபாய் கூடினாலும் ஒரே கடையில் வாங்குவது இதனால் லாபமே. மூன்றாம் ஆண்டில் வாங்க நினைக்கும் கிராபிக்ஸ் அட்டையை, கடன் விண்ணப்பத்தின் செலவு மதிப்பீட்டிலேயே அந்த ஆண்டுக்குரிய செலவாகக் காட்டக் கோருவது நல்லது. பிறகு கேட்டால் புதிய விண்ணப்பம் என்பார்கள்.

தமிழகத்தில் 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டமும், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி வழங்க 2025 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட திட்டமும் லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதல் கணினியைத் தருபவை. அவற்றின் அருமையைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் கட்டுரை எழுதவும் இணையத்தில் படிக்கவும் போதுமான கருவியில் பதினைந்து மாடிக் கட்டடத்தைப் படமாக்க முடியாது. எல்லோருக்கும் ஒரே கருவி என்ற ஏற்பாட்டில் வடிவமைப்பு மாணவர் விடுபட்டுப் போகிறார்.

வெயிலும் மின்சாரமும்

கோடையில் திருப்பதியில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். குளிர்சாதனம் இல்லாத அறையில், இரவெல்லாம் படமாக்கும் கணினிக்குக் கண்ணாடி முகப்பும் வண்ண விளக்கும் உள்ள கேபினட்டைவிட, முன்புறம் வலையும் தூசு வடிகட்டியும் உள்ள எளிய கேபினட்டே ஏற்றது. காற்று உள்ளே வர வழி இல்லாவிட்டால் செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கொடுத்த பணத்தின் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும்.

யுபிஎஸ் கருவியைப் பட்டியலின் கடைசியில் எழுதி, பணம் போதாதபோது முதலில் அடிப்பது பொதுவான பழக்கம். தரமான புதிய மின்வழங்கிகள் சிலவற்றுக்கு மலிவான யுபிஎஸ் தரும் சதுர அலை மின்சாரம் ஒத்துக்கொள்வதில்லை. மின்சாரம் தடைபடும் அந்த நொடியிலேயே கணினி அணைந்துவிடும். எனவே இரண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். மென்பொருளுக்குத் தனியே பணம் ஒதுக்க வேண்டியதில்லை. ஆட்டோடெஸ்க் நிறுவனம் தகுதியுள்ள மாணவர்களுக்குத் தன் மென்பொருள்களை இலவசமாக வழங்குகிறது. ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

பழுதானால் எங்கே முறையிடுவது?

பொருத்திய கணினியின் பெரிய பலவீனம் இதுதான். பெட்டியாக வாங்கினால் ஒரே நிறுவனம் பொறுப்பு. பாகங்களாக வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் தனி உத்தரவாதம், தனி சேவை மையம். ரசீது இல்லாமல் விலை குறைத்துத் தரப்படும், வேறு நாட்டுச் சந்தைக்கான பாகங்களுக்கு இந்தியாவில் உத்தரவாதமே கிடைக்காமல் போகலாம். 18 சதவீதத்தை மிச்சப்படுத்தும் ஆசையில் மாணவர்கள் விழும் குழி இது.

சென்னையில் வாங்கிய பொருளுக்குத் திருப்பதியில் வழக்குத் தொடுக்க முடியுமா என்ற கேள்விக்கு நாடாளுமன்றம் 2019-ல் விடையளித்துள்ளது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், எதிர்தரப்பினர் வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் இடத்திலோ, வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் புகார் அளிக்க முடிந்தது. அச்சட்டத்துக்கு மாற்றாக வந்த நுகர்வோர் பாதுகாப்பு மசோதா 2019 ஜூலை 30-ல் மக்களவையிலும், ஆகஸ்ட் 6-ல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின் 34-ஆவது பிரிவு, புகார்தாரர் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் அளிக்க அனுமதிக்கிறது. ரிச்சி தெருவில் வாங்கிய மின்வழங்கி எரிந்துபோனால், அலிபிரியில் வசிக்கும் மாணவர் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. அதற்கு அவர் கையில் இருக்க வேண்டியவை இரண்டு: பாகங்களின் வரிசை எண்கள் குறிக்கப்பட்ட ஜிஎஸ்டி ரசீது, தன் பெயரில் எழுதப்பட்ட உத்தரவாத அட்டை.