ஹாங்காங் 'பீக்': அந்த உச்சியில் யார் குடியிருக்கலாம்?

ஹாங்காங் போறவங்க பீக் டிராமைத் தவறவிடுறதில்லை. 1888-ல் ஓடத் தொடங்கிய அந்த ரயில் மலையேறும்போது, வெளியே அடுக்குமாடிகளே சாய்ந்து நிற்பதுபோலத் தெரியும். உச்சிக்குப் போனால் துறைமுகம் காலடியில் விரியும். கோடீஸ்வரர்களின் பங்களாக்களோ மரங்களுக்குள். நமக்குத் தெரிவது கேட் மட்டும்தான்.

கீழே புழுக்கம், மேலே குளுகுளு காற்று. விடுவாங்களா? 1904-ல் பிரிட்டிஷ் காலனி அரசு, சீனர்கள் இங்கே குடியிருக்கச் சட்டம் போட்டே தடுத்தது. வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு! பெரும் பணக்காரரான, ஐரோப்பிய-சீனக் கலப்பினத்தவர் ராபர்ட் ஹோ டுங்குக்கே தனி அனுமதி தேவைப்பட்டது. சட்டம் 1946-ல்தான் நீங்கியது.

அவர் கட்டிய ஹோ டுங் கார்டன்ஸ் மாளிகையை நினைவுச்சின்னமாக்க அரசு பின்னாளில் முயன்றது. குடும்பத்தாருடன் பேச்சு படியவில்லை. 2013-ல் இடித்துவிட்டார்கள்.