புதிய கணினியில் இரட்டைக் கோப்புறைகள்: அழிக்கும் முன் கவனியுங்கள்

எசல பெரஹரா நெருங்கினால் கண்டி வாவியைச் சுற்றியுள்ள விருந்தினர் விடுதிகளுக்கு முன்பதிவு மின்னஞ்சல்கள் வந்து குவியும். அந்த நேரம் பார்த்துக் கணினி மாற்ற வேண்டி வந்தால், கூடவே ஒரு தலைவலியும் வரும். ‘சென்ட்’ என்றொரு கோப்புறை, ‘சென்ட் ஐட்டம்ஸ்’ என்று இன்னொன்று, ‘ட்ராஃப்ட்ஸ்’ இரண்டு. கோப்புறை இரட்டித்ததால் நட்டம் எதுவும் இல்லை. அவசரப்பட்டு ஒன்றை அழிப்பதில்தான் நட்டம்.

ஏன் இரட்டிக்கிறது?

ஐமேப் முறையில் இயங்கும் கணக்கில் கடிதங்கள் சர்வரில் இருக்கின்றன. கணினி அவற்றைக் காட்டுகிறது. அனுப்பிய கடிதங்களை ஒரு மென்பொருள் ‘சென்ட் ஐட்டம்ஸ்’ஸில் போடும், இன்னொன்று ‘சென்ட்’ என்பதைத் தேடி, இல்லாவிட்டால் தானே உருவாக்கிக்கொள்ளும். ஒரே கணக்கை இருமுறை சேர்த்தாலும் இதே கதைதான். ஜிமெயிலில் ஒரு கடிதத்துக்கு இரண்டு லேபிள் இருந்தால் அது இரண்டு கோப்புறைகளில் தெரியும். உண்மையில் கடிதம் ஒன்றுதான்.

என்ன ஆபத்து?

ஐமேப்பில் கணினியில் அழித்தது சர்வரிலும் கைபேசியிலும் அழியும். ஜிமெயிலின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். பிறகு போனது போனதுதான். கடிதங்களைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் பொப் முறையில் இயங்கிய கணக்கானால், பழைய கடிதங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கில் மட்டுமே இருக்கக்கூடும். இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்னஞ்சல் போன்ற பதிவுகளுக்குச் சட்ட அங்கீகாரம் தருகிறது. ஆகவே முன்பதிவின் முற்பணத்தில் தகராறு வந்தால், நீங்கள் அனுப்பிய உறுதிக் கடிதமே உங்கள் ஆதாரம்.

எப்படிச் சரிசெய்வது?

1. முதலில் பழைய கணினியின் மின்னஞ்சல் கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுங்கள்.
2. பிரவுசர் வழியாகக் கணக்கைத் திறந்து பாருங்கள். அங்கும் இரண்டு இருந்தால் சர்வரில் இரட்டிப்பு. இல்லாவிட்டால் கணினியில் மட்டுமே.
3. எந்தக் கோப்புறை நிலைக்க வேண்டும் என்று தீர்மானியுங்கள். தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளில் கணக்கு அமைப்புகளுக்குள் அனுப்பியவை எங்கே சேமிக்கப்பட வேண்டும் என்பதைத் தெரிவு செய்யலாம்.
4. மற்றதிலுள்ள கடிதங்களைச் சிறுசிறு தொகுதிகளாக நகர்த்துங்கள். முன்னும் பின்னும் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்.
5. கோப்புறை முற்றிலும் வெறுமையான பிறகே அழியுங்கள்.

கடையில் கொடுக்கும்போது

கட்டுகஸ்தோட்டையிலோ பேராதனையிலோ நகருக்குள்ளோ கணினியைத் திருத்தக் கொடுத்தால், கடவுச்சொல்லைத் துண்டில் எழுதிக் கொடுக்காதீர்கள். அருகிலிருந்து நீங்களே தட்டச்சு செய்யுங்கள். கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டால் அன்றே மாற்றுங்கள். இருபடிச் சரிபார்ப்பையும் போடுங்கள். அனுமதியின்றி ஒருவரது கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டப்படி குற்றம். கணக்கு ஊடுருவப்பட்டால் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்தை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். கட்டணம் வாங்கியும் வேலை ஒழுங்காக நடக்காவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அதற்குப் பற்றுச்சீட்டு வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

புதிய கணினியில் எல்லாக் கடிதமும் இருப்பதை உறுதிசெய்யும்வரை பழைய டிஸ்க்கை விற்கவும் வேண்டாம், வெறுமையாக்கவும் வேண்டாம்.