மலையை யார் பிடிக்கிறது?

திருப்பூரில் என் நண்பர் ஒருவர் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். கம்பெனி என்றதும் பெரிதாகக் கற்பனை பண்ணிவிடாதீர்கள். ஓவர்லாக் பத்து, பேட்லாக் ஆறு, ஒரு கட்டிங் டேபிள், ஒரு பிள்ளையார் படம். அவ்வளவுதான்.

இந்த ஊரில் ஒரு பனியன் உங்கள் உடம்புக்கு வருவதற்கு முன்னால் ஐந்தாறு தடவை வண்டி ஏறி இறங்கியிருக்கும். நிட்டிங் ஓர் இடம், டையிங் ஓர் இடம், பிரிண்டிங் வேறோர் இடம். அதனால் 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது, திருப்பூர் அதை 'குட்டி யானை' என்று கொஞ்சிக் கூப்பிட்டு வாசலில் கட்டிக்கொண்டது. நண்பரிடமும் ஒன்று இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அதைக் கொடுத்துவிட்டு, பெரிய டீசல் பிக்கப் வாங்கினார். அதுவும் ஆட்டோமேட்டிக்!

நம் நாட்டில் டீசல் பிக்கப்பில் ஆட்டோமேட்டிக் என்பதே சமீபத்திய சங்கதி. இசுசு வி-க்ராஸில் 2019-ல் வந்தது. டொயோட்டா ஹைலக்ஸில் 2022-ல். நண்பருடையது எது என்று கேட்காதீர்கள். நான் சொல்லப்போகிற விஷயத்தில் தப்பு வண்டியுடையது இல்லை. என்னுடையது.

நண்பரிடம் இன்னொரு சொத்தும் உண்டு. 2012-ல் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போய்க்கொண்டிருந்ததே, நினைவிருக்கிறதா? அப்போது வாங்கிய ஜெனரேட்டர். இரண்டு சக்கர டிராலி மேல் ஏற்றி வைத்தது. டிராலியோடு சேர்த்து ஒன்றேகால் டன் தேறும். டிராலிக்குத் தனியாக பிரேக் கிடையாது. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

நண்பரின் மச்சான் தாளவாடியில் சின்னதாக ஒரு தையல் யூனிட் போட்டிருக்கிறார். அங்கே டிரான்ஸ்ஃபார்மர் புகைந்து போய், ஜெனரேட்டர் இரவலாக மலை ஏறியது. பத்து நாள் கழித்து அதைத் திரும்பக் கொண்டுவரப் போனபோது, சும்மா குளுகுளுவென்று இருக்குமே என்று நானும் ஒட்டிக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டில் மச்சான் வீட்டு உபசாரம் கொஞ்சம் அதிகம். நண்பருக்குக் கண் சொருகியது. "மாப்ள, நீயே ஓட்டிரு. கியரே கிடையாது. ஆக்ஸிலேட்டர், பிரேக். குழந்தைகூட ஓட்டும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் சாய்ந்தார்.

திம்பம் மலைப்பாதை தெரியாதவர்களுக்கு: சத்தியமங்கலம் தாண்டி பண்ணாரி அம்மன் கோயில். அதைத் தாண்டினால் மலை. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. சுற்றிலும் புலிகள் காப்பகம். இரவில் வண்டி விடுவதற்கு 2022-லிருந்து கோர்ட் உத்தரவுப்படி கட்டுப்பாடு. ஆசனூர் பக்கம் கரும்பு லாரியை நிறுத்தி மாமூல் வாங்கிக்கொண்டு அனுப்புகிற நிஜ யானைகளும் உண்டு. எனவே வெளிச்சத்திலேயே இறங்கிவிட வேண்டும் என்று அவசரம் எனக்கு.

லீவரை 'டி'-யில் போட்டேன். இறங்க ஆரம்பித்தேன்.

முதல் நாலைந்து வளைவு ராஜபோகம். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாக உருளுகிறது. வேகம் கூடினால் பிரேக். மறுபடி உருளல், மறுபடி பிரேக். இன்ஜின் சத்தமே இல்லை. எவ்வளவு அமைதியான வண்டி என்று மெச்சிக்கொண்டேன். இப்போது யோசித்தால், அந்த அமைதியைப் பார்த்துத்தான் நான் பயந்திருக்க வேண்டும்.

ஏழெட்டு வளைவுக்கு அப்புறம் பின்னாலிருந்து யாரோ கைவைத்துத் தள்ளுவது போல் ஒரு உணர்ச்சி. ஜெனரேட்டர்தான். பிறகு ஒரு வாசனை. அயர்ன் பாக்ஸை பனியன் மேலேயே மறந்து வைத்துவிட்டுப் போனால் வருமே, அந்த மாதிரி. அடுத்த வளைவில் பிரேக்கை அழுத்தினேன். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. வண்டி நின்றதா என்றால், யோசித்து யோசித்து நின்றது. எதிரே வந்த பஸ் டிரைவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர ஆசிரியர் அனுமதிக்கமாட்டார்.

பின்னால் வந்த லாரி விடாமல் ஹாரன் அடித்தது. அகலமான ஓர் இடத்தில் ஓரங்கட்டினேன். லாரியும் நின்றது. அறுபது வயதுக்குக் குறையாத டிரைவர் ஒருவர், தலையில் துண்டோடு இறங்கி வந்தார். முதல் காரியமாக ஒரு கல்லை எடுத்து எங்கள் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார்.

"ஏனுங் தம்பி, டிஸ்கு பூராப் பொகையுது. எத்தனாவது கியர்ல எறங்கறீங்?"

"கியர் கிடையாதுங்க. ஆட்டோமேட்டிக்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கியர் இல்லீங்ளா? அப்ப மலைய யாருங் புடிக்கறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நண்பர் விழித்துக்கொண்டிருந்தார். பெரியவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து லீவரைக் காட்டினார்.

"இதென்னுங் கண்ணு, எம்முன்னு போட்டுக் கூட்டல், கழித்தல்?"

பி.காம். படித்தவன் நான். கூட்டல் கழித்தலில்தான் மூன்று வருஷம் போனது. அந்த இரண்டு குறியும் என் இடது முழங்கைக்குக் கீழேயே இருந்தன. 'எம்' என்றால் மேனுவல். லீவரை அந்தப் பக்கம் தள்ளிக் கழித்தலைத் தட்டினால் கியர் ஒன்று குறையும், கூட்டலைத் தட்டினால் ஒன்று ஏறும். ஆறு கியரும் உள்ளேயே இருக்கின்றன! 'கியர் கிடையாது' என்றால் நாம் மாற்ற வேண்டியதில்லை என்று அர்த்தமே தவிர, மாற்றக்கூடாது என்று அர்த்தமில்லை.

பிரேக் ஆறுவதற்கு முக்கால் மணி நேரம் நின்றோம். பாட்டில் தண்ணீரை டிஸ்க்கில் ஊற்றப்போன நண்பரைப் பெரியவர் அதட்டி நிறுத்தினார். சூட்டில் தண்ணீர் பட்டால் இரும்பு கோணிக்கொள்ளும், விரிசலும் விடும். அதுவாகத்தான் ஆற வேண்டும். குரங்குகள் சுற்றி உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தன.

நின்ற நேரத்தில் ஒரு கணக்குப் போட்டேன். வண்டியும் ஜெனரேட்டரும் சேர்ந்து சுமார் மூன்றரை டன். மேலிருந்து பண்ணாரி வரை சுமார் முக்கால் கிலோமீட்டர் உயரம் குறைகிறது. இந்த எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படுகிற சக்தி, எழுபது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும்! ஒரு கல்யாண வீட்டு அண்டா. அத்தனை சூட்டையும் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு பிரேக் தலையில் கட்டினால் அவை என்ன செய்யும், பாவம்? அதற்கும் மேலே, மூன்று வருஷமாக மாற்றாத பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். சூடேறினால் அந்த ஆயிலே கொதித்துக் குமிழி விடும். பெடல் பஞ்சானது அதனால்தான்.

சரி, இன்ஜின் எப்படி மலையைப் பிடிக்கும்? கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜினுக்கு டீசல் போவது நின்றுவிடும். ஆனால் சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றப்படுகிற இன்ஜின் ஒரு காற்றடிக்கிற பம்ப் மாதிரி முரண்டு பிடிக்கும். அந்த முரண்டுதான் பிரேக். குறைந்த கியரில் இன்ஜின் வேகமாகச் சுற்றும், முரண்டும் அதிகம். டாப் கியரில் முரண்டே தெரியாது. பெட்ரோல் இன்ஜினில் காற்று போகிற வழியை ஒரு தட்டு அடைத்துக்கொள்வதால் பிடிப்பு கொஞ்சம் அதிகம். சாதாரண டீசலில் குறைவு. லாரிகளில் புகைக்குழாயை அடைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் வைப்பது அந்தக் குறையை ஈடுகட்டத்தான். நம் பிக்கப்பில் அது இல்லை என்றால் இன்னும் ஒரு கியர் கீழே வர வேண்டியதுதான்.

'டி'-யில் நடந்தது என்ன? நான் காலை எடுத்ததும் பெட்டி "ஐயா சுகமாகப் போக விரும்புகிறார், டீசல் மிச்சம்" என்று நினைத்து மேல் கியருக்குத் தாவிவிட்டது. அதற்குத் தெரிவது வண்டியின் வேகம், என் கால், இன்ஜின் சுற்று. வளைவு தெரியாது. நம்மூர் நிட்டிங் மெஷின் நூல் அறுந்தால் தானே நின்று விளக்கைப் போடும், கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் தப்பான கவுண்ட் நூலை மாட்டியிருந்தால் அதுபாட்டுக்கு விடிய விடிய நெய்து தள்ளும். அது மாதிரி. புதுப் பெட்டிகள் சில, பிரேக்கைத் தட்டினால் இறக்கம் என்று ஊகித்துத் தானே ஒரு கியர் குறைக்கின்றன. பின்னால் ஒன்றேகால் டன் தொங்கும்போது அந்த ஊகத்தை மட்டும் நம்பி மலை இறங்க நான் தயாரில்லை.

ஏற்றத்தில் வேறு வகைத் தொல்லை. ஜெனரேட்டரோடு ஏறியபோது பெட்டி மூன்றா நாலா என்று மாற்றி மாற்றிப் போட்டதாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் உள்ளே ஆயில் சூடாகும். அங்கேயும் 'எம்'-முக்குப் போய் மூன்றில் நிறுத்தினால் தீர்ந்தது.

பெரியவர் சொன்னது சுருக்கம். "ஏறுன கியர்லயே எறங்கோணும். எறக்கத்துக்கு முன்னாலயே போட்ரோணும். பாதில போடறேன்னா வண்டி கேக்காது." ஆட்டோமேட்டிக்கிலும் அப்படியே. வேகம் அதிகமானபின் கழித்தலைத் தட்டினால், இன்ஜின் சிதறிவிடக்கூடாதே என்று பெட்டி 'டிங்' சத்தம் போட்டு மறுத்துவிடும். முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அந்த பிரேக்கே இல்லாதபோதுதான் நமக்குப் புத்தி வரும் என்பது வேறு விஷயம். பிரேக்கையும் சதா லேசாக மிதித்துக்கொண்டே இருக்கக்கூடாது. நன்றாக ஓர் அழுத்து, வேகத்தைக் குறை, முழுசாக விடு.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிற ஆசாமிகளுக்கு ஒரு கணக்கு. இன்றைய இன்ஜின் கியரில் இறங்கும்போது சொட்டு டீசல் குடிக்காது. நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்கவே டீசல் வேண்டும். உயிரையும் பணயம் வைத்து, டீசலையும் செலவழிக்கிற ஒரே சிக்கனத் திட்டம் இதுதான்.

மீதி வளைவுகளை 'எம்'-மில் இறங்கினேன். நேர் இறக்கத்தில் இரண்டு, ஊசி வளைவில் ஒன்று. முள் இரண்டாயிரத்தைத் தாண்டி நின்றது. இன்ஜின் ஓலம் போட்டது. "மாப்ள, இன்ஜின் போயிரும்டா" என்று நண்பர் என்னைவிட அதிகமாக ஓலம் போட்டார். போகவில்லை. முள் சிவப்புக் கோட்டுக்கு எவ்வளவோ கீழேதான் இருந்தது. பிரேக் வளைவுக்கு வளைவு ஒரு தடவை, அவ்வளவுதான். பின்னால் தள்ளிய கை இப்போது இல்லை. பெரியவரின் லாரி பின்னாலேயே, காவலுக்கு வருகிற மாதிரி வந்தது.

பண்ணாரியில் டீ வாங்கிக் கொடுத்தோம். அவர் பிக்கப்பை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "வண்டி நல்லாத்தானுங் இருக்குது" என்றார். மீதியைச் சொல்லாமல் விட்டது அவர் பெருந்தன்மை.

திருப்பூர் வந்ததும் மெக்கானிக் பழைய பிரேக் ஆயிலை இறக்கினார். மூன்றாம் டிகாஷன் கலர். பேடுகளும் மாற்ற வேண்டியிருந்தது. பில்லை நண்பர் என்னிடம் நீட்டி, "பி.காம்., இதை எந்தக் கணக்குல எழுதறது?" என்றார். 'கல்விச் செலவு' என்றேன்.

இப்போது அவர் வண்டி டேஷ்போர்டில், ஸ்டீயரிங்குக்கு நேராக, பனியனில் தைக்கிற சைஸ் லேபிள் ஒன்று ஒட்டியிருக்கிறது. பெரிய 'எம்'. கம்பெனியில் செக்கிங் பார்க்கிற பெண்கள் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்களாம். முதலாளியின் சைஸ் டபுள் எக்ஸ்எல்.