முகம் ஒன்று, உடை பல: மைக்கா ஓவியங்களில் இருக்கும் பெண் யார்?

பாலவாக்கம் ஃபிளாட்டோ, தி.நகர் கஃபேயோ, சுவரில் பழைய காலத்துப் பெண் ஓவியம் ஒன்று தொங்கினால் நமக்கு உடனே ரவிவர்மா ஞாபகம்தான் வரும். அவருடைய அச்சகம் தொடங்கியது 1894-இல். அதற்கு ரொம்ப முன்பே பெண்களின் படங்கள் செட் செட்டாக விற்பனையாகின. முக்கியமான இடங்களில் ஒன்று, நம்ம திருச்சி.

மைக்கா என்கிற அபிரகத் தகட்டில் வரைந்தவை இவை. கண்ணாடி மாதிரி இருக்கும், எடை இல்லை. வாங்கியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகளும் பயணிகளும். கேமரா பரவாத காலம். ஊருக்குக் கொண்டுபோய்க் காட்ட ஏதாவது வேண்டுமே!

இந்தியாவில் விற்ற சில மைக்கா செட்களில் ஒரு வேடிக்கை உண்டு. அட்டையில் ஒரு முகம் மட்டும் இருக்கும். தகடுகளில் உடையும் நகையும் இருக்கும், முகம் இருக்காது. தகட்டை அட்டைமேல் வைத்தால் ஆள் ரெடி. தகட்டை மாற்றினால் வேறு ஆள். இன்றைய ஃபில்டர் செய்யும் வேலைதான். ஆனால் இதில் முகம் யாருடையது என்பது யாருக்கும் முக்கியமில்லை. சேலைக்கட்டும் நகையும் சாதியைச் சொன்னால் போதும்.

மதுரையில் 1837-இல் உருவான ஓர் ஆல்பம் இப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. விற்பனைக்கு அல்ல, பரிசாகப் போனது. ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் குறிப்புகள். தலைப்பு: ‘இந்தியச் சாதிகளின் 72 மாதிரிகள்’. மாதிரிகளாம்! பூச்சிக்கும் செடிக்கும் சொல்கிற வார்த்தை.

பின்னர் கேமரா வந்தும் இந்தப் பழக்கம் போகவில்லை. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘தி பீப்பிள் ஆஃப் இந்தியா’ புகைப்பட நூலும் மக்களை இனம், சாதி வாரியாகத்தான் அடுக்கியது.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்த ஓவியங்கள் ரவிவர்மாவின் லட்சுமி, சரஸ்வதி அச்சுப் படங்களைவிட மேல் என்று சொல்லலாம். இங்கே பல பெண்களின் கையில் வேலை இருக்கிறது: கூடை, பானை, ராட்டை. தென்னிந்திய செட்களில் பெரும்பாலும் ஜோடியாகத்தான் நிற்பார்கள். அவர் ஒரு கருவி, இவர் ஒரு பொருள்.

மைக்கா எளிதில் ஏடு ஏடாகப் பிரியும், பெயின்ட் உதிரும். அதையும் தாண்டித் தப்பியவை இன்று லண்டன் அருங்காட்சியகங்களின் ஆன்லைன் பட்டியலில் இருக்கின்றன. வரைந்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. தலைப்போ ‘குயவரும் அவர் மனைவியும்’ என்கிற ரகம். கையில் பானையோடு நின்றாலும், அவர் ‘மனைவி’ மட்டும்தான்.